கேட்டுக்கு உள்ளே யார் யாரை நம்புகிறார்கள்?

முதலாளி நல்லவராக இருந்தால் தொழிலாளி தானாகவே நம்புவான் என்ற எண்ணம் வட சென்னையில் ஆலைக் கேட்டின் இரு பக்கமும் வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கப் பெரம்பூரின் வரலாறு போதும். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் தொழிலாளர் நலனுக்குப் பேர்போனது. தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி எனப் பல ஆலைகள் யோசிக்காததை அது செய்தது. ஆனால், 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்த ஆலைகளின் வாசலில்தான். மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை, வெள்ளைக்கார மேற்பார்வையாளர்கள் வைகிறார்கள், அடிக்கிறார்கள் என்பவையே அன்றைய குறைகள். பள்ளி கட்டித் தந்த நிர்வாகத்திடம் இவற்றைச் சொல்ல ஒரு வழி இல்லாததால்தான் அப்பகுதி வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அரசியல் தலைவர் பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள்; திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார். நலத்திட்டங்களால் நன்றி பிறக்கலாம். அடித்தவனைப் பற்றிப் புகார் சொன்னால் வேலை போகாது என்ற உறுதியை அவை தருவதில்லை. கொடுப்பதும் நிறுத்துவதும் ஒருவர் விருப்பம் என்றிருக்கும்வரை மற்றவருக்கு அச்சம் தீராது.

சங்கம் வந்தால் நம்பிக்கை போய்விடும் என்பது அடுத்த எண்ணம். வெளியாள் நுழைந்து, ஒரே குடும்பமாக இருந்தவர்களைப் பிரித்துவிடுகிறான் என்பார்கள். பின்னியும் அப்படித்தான் நினைத்தது. 1920இல் கதவடைப்பின்போது வாடியா மீதும் சங்கத்தினர் மீதும் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. வாடியா தொழிற்சங்கப் பணியிலிருந்து விலகினார். வெளியாள் போனபின் அமைதி வந்திருக்க வேண்டும். நடந்ததோ 1921இன் நெடிய வேலைநிறுத்தம். வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பேசக்கூடிய ஒருவரை அகற்றிய நிர்வாகத்துக்கு அதன்பின் பேச ஆளில்லாமல் போனது. வாடியா மீதான வழக்கு எழுப்பிய, சங்கம் நடத்துவது சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியிலிருந்துதான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷியின் முயற்சியும் 1926இன் தொழிற்சங்கச் சட்டமும் வந்தன. பின்னியே 1922இல் தொழிலாளர் பிரதிநிதிகளைக் கொண்ட நலக்குழு ஒன்றை அமைத்துக்கொண்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சங்கங்களின் கட்சிச் சண்டையும் ஓயாத வேலைநிறுத்தமும்தான் வட சென்னையின் ஆலைகளை மூட வைத்தன என்பது அது. சங்கங்களுக்குள் போட்டி இருந்தது உண்மை. ஒரு சங்கம் கையெழுத்திட்டதை இன்னொன்று மறுநாள் எதிர்த்ததும் உண்மை. ஆனால், 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலைகளின் கதையில் பழைய இயந்திரங்களுக்கும் 1985 வெள்ளத்துக்கும் பங்கு உண்டு. வேறு ஊர்களிலும் நூற்றாண்டு கண்ட துணி ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. சங்கங்களுக்கிடையே போட்டி என்றால், யாருக்குப் பெரும்பான்மை என்பதை ரகசிய வாக்கெடுப்பில் கண்டறிந்து அவர்களோடு ஒப்பந்தம் போடுவதே அதற்கு மருந்து. இந்தப் பகுதித் தொழிலாளர்கள் 'பன்னிரண்டு மூணு' என்று சுருக்கிச் சொல்லும் ஒப்பந்தம், அதாவது பழைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்படி சமரச அதிகாரி முன்னிலையில் போடப்பட்டது, அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் நிர்வாகத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்தியது. மேலாளர் மாறினாலும் சங்கத் தலைவர் மாறினாலும் காகிதம் மாறாது. சம்பளமும் போனஸும் எந்தத் தேதியில் எவ்வளவு என்று தெரிந்திருப்பதற்கு ஈடாக எந்த மேடைப் பேச்சும் நம்பிக்கை தராது என்பது என் துணிபு.

துறைமுகத்தைப் பாருங்கள். முன்பு கப்பல் வந்த நாளில் வேலை, வராத நாளில் பட்டினி. மேஸ்திரி கை காட்டியவனுக்கு மட்டும் கூலி. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டமும் அதன் கீழ் சென்னைக்கு வந்த வாரியமும் பெயர்களைப் பதிவு செய்து, முறை வைத்து வேலை கொடுத்து, வேலை இல்லாத நாளுக்கும் குறைந்தபட்சத் தொகை உறுதி செய்தன. வாரியத்தில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் மூவருக்கும் இடம் இருந்தது. மேஸ்திரிகள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. அவர்கள் தயவு தேவைப்படாமல் போனதுதான் ராயபுரத்து வீடுகளின் வாழ்க்கையை மாற்றியது.

அடிக்கடி கூட்டம் போட்டு மனம்விட்டுப் பேசினால் போதும் என்பதும் அரை உண்மைதான். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இரு தரப்பும் சேர்ந்த பணிக்குழு அமைக்க 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமே வழி செய்தது. 1969இல் அறிக்கை தந்த முதல் தேசியத் தொழிலாளர் ஆணையம், இக்குழுக்கள் பெரும்பாலும் பலன் தரவில்லை என்றே கண்டது. எதை முடிவு செய்யலாம் என்பதே அவற்றுக்குத் தெளிவாக இல்லை. கேன்டீன் டீயைப் பற்றி மட்டும் பேச அனுமதிக்கும் குழுவை யார் நம்புவார்?

எல்லாவற்றிலும் ஆபத்தான எண்ணம், சத்தமில்லை என்றால் நம்பிக்கை இருக்கிறது என்பது. விபத்துப் பதிவேடு காலியாக இருக்கிறது, புகார்ப்பெட்டியில் ஒன்றுமில்லை, ஆகவே எல்லாம் சரி என்று மேலிடத்துக்கு அறிக்கை போகிறது. அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் கூடுதலாகப் பதிவானதைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். போபாலின் ஆலை ஒன்றில் 1981 டிசம்பரில் நச்சு வாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். ஆலை ஆபத்தானது என்று தொழிலாளர்கள் 1982இலேயே எச்சரித்தார்கள். 1984இல் அந்த ஆலையிலிருந்து கசிந்த வாயுவில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அதற்குப் பிறகுதான், 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41ஜி, 41எச் பிரிவுகள் நுழைந்தன. அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் இருக்கும் பாதுகாப்புக் குழுவும், உயிராபத்து நெருங்குகிறது என்று தோன்றினால் எச்சரிக்கும் உரிமையும் தொழிலாளருக்குக் கிடைத்தன. மணலி, எண்ணூர் போன்ற இடங்களுக்கென்றே எழுதியதுபோன்ற பிரிவுகள் அவை.

ஆனால், அந்த உரிமையை யாரால் பயன்படுத்த முடிகிறது? 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல் மின் நிலையக் கட்டுமான இடத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். விபத்தின் காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும். நான் கேட்பது வேறு. ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அவருக்கும் கீழே ஆள் கூட்டி வருபவர் என்று அடுக்கடுக்காக ஆட்கள் நிற்கும் எந்தக் கட்டுமான இடத்திலும், மேலே ஆட்டம் காணும் ஒரு கம்பியைப் பார்த்தவர் யாரிடம், எந்த மொழியில் சொல்வார்? சொன்னதற்காக மறுநாள் வேலைக்கு வேண்டாம் என்றால் எங்கே போவார்?

ஒப்பந்தத் தொழிலாளி இன்று இருப்பார், நாளை போவார், அவரோடு என்ன நம்பிக்கை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உயரத்தில் ஏறுபவரும் தொட்டிக்குள் இறங்குபவரும் இன்று பெரும்பாலும் அவர்தான். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளரின் ஆதரவுள்ள சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம் என்கின்றன. நிரந்தரத் தொழிலாளர் குறைந்துவரும் ஆலையில் அந்தச் சதவீதக் கணக்கு ஒரு பகுதியினரைத்தான் தொடும். மீதிப் பேருக்காக, வேலையைக் கொடுக்கும் முதன்மை நிறுவனம் பாதுகாப்புக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இடம் ஒதுக்க வேண்டும். அசாமியும் இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவரை மேஸ்திரியைத் தாண்டி நேரே அணுகும்படி நியமிக்க வேண்டும். ஆபத்தைச் சொன்னவர் அடுத்த மாத ஆள் பட்டியலில் இருக்கிறாரா என்பதை அந்தக் குழுவே சரிபார்க்க வேண்டும். செலவாகும் என்பார்கள். டெண்டர் ஆவணத்தில் ஹெல்மெட்டுக்கும் பெல்ட்டுக்கும் எழுதும் தொகைக்குக் கீழே இதற்கும் ஒரு வரி எழுதிவிடலாம்.