எந்தக் கம்பெனி பேபிளேட் நல்லது? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் போடப்படும் தற்காலிகக் கடைகளிலும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தில் விரிக்கப்படும் தரைக்கடைகளிலும் பொம்மைக்குக் குறைவில்லை. பிள்ளை பேபிளேட் என்ற மோதும் பம்பரத்தைக் கேட்கும்போதுதான் பெற்றோர் திகைக்கிறார்கள். ஜப்பானின் டக்காரா டோமி ஒரு விலை, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இன்னொரு விலை, பெயரே இல்லாத டூப்ளிகேட் இரண்டையும்விடப் பல மடங்கு மலிவு. மூன்றும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. இரண்டை மோதவிட்டு, ஜெயித்ததே நல்லது என்பவர்களும் உண்டு. இரண்டு வழியும் ஏமாற்றும் என்பதே என் வாதம். பம்பரத்தை ஏவும் லாஞ்சர், அது சுழலும் ஸ்டேடியம், விடும் கை ஆகியவற்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் தயாரிப்பாளர்களுக்கு இடையிலான வித்தியாசம் தெரியும். அப்படிப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் ‘பவரில்’ இருப்பதைவிட வார்ப்பின் துல்லியத்தில்தான் பெரிதாக இருக்கும்.

முதல் வேலை, கையில் இருப்பது எந்தத் தலைமுறை என்று கண்டுபிடிப்பது. பேபிளேட் 1999இல் ஜப்பானின் டக்காரா நிறுவனத்திலிருந்து வந்தது. 2006இல் அது டோமியுடன் இணைந்து டக்காரா டோமி ஆனது. ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் விற்பது ஹாஸ்ப்ரோ. 2008இல் மெட்டல் வரிசை, 2015இல் பர்ஸ்ட், 2023 ஜூலையில் எக்ஸ் என்று வடிவமைப்பு அடியோடு மாறிக்கொண்டே வந்தது. பர்ஸ்ட் காலத்தில் இரு நிறுவனங்களும் ஒரே பம்பரத்தை இரண்டு விதமாகச் செய்தன. ஜப்பானில் ‘சோ-ஸெட்’ என்று வந்த வரிசையின் மேலடுக்கில் உலோகம் இருந்தது. அதையே ஹாஸ்ப்ரோ ‘டர்போ’ என்று கொண்டுவந்தபோது அடுக்கில் உலோகம் இல்லை. அதற்குப் பதிலாகத் தன் ஸ்டேடியத்தின் தண்டவாளத்தில் ஏறி ஓடும் ‘ஸ்லிங்ஷாக்’ முனையைக் கொடுத்தது. ஆகவே அந்த இரண்டையும் மோதவிட்டால் ஒப்பிடப்படுவது இரண்டு வேறு பொருள்கள், இரண்டு கம்பெனிகளின் தரம் அல்ல. “ஜப்பான் பீஸ்தான் ஒரிஜினல், மற்றதெல்லாம் சும்மா” என்ற பேச்சு பெரும்பாலும் அந்தக் காலத்திலிருந்து வந்தது. எக்ஸ் தலைமுறைக்கு அதை அப்படியே தூக்கி வைப்பது நியாயமில்லை.

விளையாட்டுத் திறனைப் பார்க்கும் முன் கடக்க வேண்டிய ஒரு வாசல் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான பொம்மைகளை இந்தியாவில் விற்க ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் தரப்பட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். கடை வாசலில் நின்றபடி செய்யக்கூடிய காரியம் இது. ஜப்பானியப் பெட்டியில் அந்நாட்டின் எஸ்.டி. முத்திரை இருக்கலாம், நல்ல அடையாளம்தான், ஆனால் இங்கே விற்பதற்கு அது ஐ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது. பெட்டியில் உள்ள வயது வரம்பையும் பாருங்கள்: டக்காரா டோமி 6 வயதுக்கு மேல் என்கிறது, ஹாஸ்ப்ரோ 8 என்கிறது. தயாரித்தவர் யார் என்றே சொல்லாத பாக்கெட்டை இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். உலோக விளிம்பின் கூர்மைக்கும், மேலே பூசிய சாயத்துக்கும், உடைந்து தெறிக்கும் துண்டுக்கும் பொறுப்பேற்க அங்கே யாரும் இல்லை.

அடுத்தது சரியான ஜோடியைத் தேர்ந்தெடுப்பது. எக்ஸ் வரிசையில் மேலே பிளேடு, நடுவில் ராட்செட், அடியில் முனையாக பிட் என்று மூன்று பாகங்கள். இரு நிறுவனங்களின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது ஒப்பிடுபவருக்குக் கிடைத்த பெரிய வசதி. பெயர்தான் மாறும்: ஜப்பானில் டிரான் ஸ்வோர்டு என்பது ஹாஸ்ப்ரோவில் ஸ்வோர்டு டிரான்; அதேபோல் ஹெல்ஸ் சைத் என்பது சைத் இன்சென்டியோ, விஸார்டு ஆரோ என்பது ஆரோ விஸார்டு, நைட் ஷீல்டு என்பது ஹெல்ம் நைட். பெயரை விட்டுவிட்டுப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 3-60எஃப் என்றால் ராட்செட்டில் மூன்று புடைப்பு, உயரம் 6.0 மில்லிமீட்டர், தட்டை முனை. 4-80பி என்றால் நான்கு புடைப்பு, 8.0 மில்லிமீட்டர், உருண்டை முனை. தட்டை முனை ஸ்டேடியம் முழுக்கப் பாய்ந்து தாக்கும். உருண்டையும் ஊசியும் நடுவில் நின்று தாக்குப்பிடிக்கும். எண் ஒன்றாக இல்லாத இரண்டை மோதவிட்டால் முனையின் குணத்தைத்தான் பார்க்கிறீர்கள், கம்பெனியை அல்ல. எண் ஒத்துப்போன ஜோடி கிடைத்ததும், கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சிறு மின்னணுத் தராசில் மூன்று பாகங்களையும் தனித்தனியாக நிறுத்துக் குறித்துவையுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியில் இரண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே கம்பெனிக்குள்ளேயே இருக்கும் எடை ஏற்ற இறக்கம், இரண்டு கம்பெனிக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், எது கனம் என்ற விவாதமே அர்த்தமில்லாததாகிவிடும்.

எடையைவிட முக்கியம் சமநிலை. மரப் பம்பரம் விட்டவர்களுக்கு இது புதிதல்ல. கட்டை எவ்வளவு அழகாகக் கடையப்பட்டிருந்தாலும் ஆணி மயிரிழை விலகி இறங்கியிருந்தால் பம்பரம் தள்ளாடும், தரையைக் கிளறும், சீக்கிரம் சாயும். அதனால்தான் சாட்டை சுற்றுவதற்கு முன்பே பம்பரத்தை விரலிடுக்கில் உருட்டி ஆணியின் நேரைப் பார்ப்பார்கள். எதிரியின் கட்டையில் ஆணியால் குத்தி ஆக்கர் வைக்கும் ஆட்டத்திலும் வலிமைக்கு முன் பார்க்கப்படுவது ஆணியின் நேர்தான். அதே கண்ணைப் பிளாஸ்டிக் பம்பரத்தின் மேல் வையுங்கள். பாகங்களைப் பூட்டி, லாஞ்சர் இல்லாமல், வழவழப்பான ஓடு பாவிய தரையிலோ கண்ணாடியின் மேலோ விரலால் மெல்லச் சுழற்றுங்கள். வேகமாகச் சுற்றும்போது மறைந்துபோகும் கோணல் மெதுவாகச் சுற்றும்போது வெளிப்படும். விளிம்பு ஒரு பக்கம் ஏறி இறங்குகிறதா என்று கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிறகு பிளேடை மட்டும் அடுத்த கம்பெனியுடையதாக மாற்றி மீண்டும் சுழற்றுங்கள். கோணல் பிளேடோடு போனால் குறை பிளேடில். போகாவிட்டால் ராட்செட்டிலோ பிட்டிலோ இருக்கிறது. எந்தக் கம்பெனியின் எந்தப் பாகத்தில் குறை என்று சொல்லும் தகுதி இந்த மாற்றுமுறைக்கு மட்டும்தான் உண்டு.

இனி நேரம். ஸ்டேடியத்தை மேசையில் வைத்து, கைபேசியின் மட்டம் பார்க்கும் வசதியால் நான்கு பக்கமும் சரிபாருங்கள். சரிவான ஸ்டேடியம் தட்டை முனையை ஒரே மூலைக்குத் தள்ளும். லாஞ்சர் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பல் வைத்த பட்டையை இழுக்கும் லாஞ்சரும் நூல் இழுக்கும் லாஞ்சரும் தரும் வேகம் வேறுவேறு. அவரவர் பெட்டியில் வந்த லாஞ்சரால் அவரவர் விட்டால் லாஞ்சரைத்தான் ஒப்பிட்டதாக ஆகும். ஒரே ஆள், இரண்டு பம்பரத்தையும் மாற்றி மாற்றித் தனியாக விட்டு, நிற்கும்வரை ஸ்டாப்வாட்சில் நேரம் எடுக்கட்டும். ஒன்றையே தொடர்ந்து விட்டு முடித்துவிட்டு மற்றதை எடுத்தால், கை சோர்ந்திருப்பது இரண்டாவதன் தலையில் விழும். பம்பரத்துக்கு ஒன்பது முறை போதும். நேரங்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் வரும் ஐந்தாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கை நழுவிய ஒரு வீச்சு அதைக் கெடுக்காது. ஒன்பது எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். நல்ல வார்ப்பு அங்கேதான் பேசும்.

சண்டை கடைசியில்தான். எதிரியின் பம்பரம் முதலில் நின்றால் 1 புள்ளி, அதைப் பக்கக் குழியில் தள்ளினாலோ அதன் பாகம் கழன்றாலோ 2, நடுக்குழியில் தள்ளினால் 3; முதலில் 4 எடுப்பவர் ஜெயிப்பார். தரம் பார்க்க இந்தக் கணக்கு போதாது, எப்படித் தோற்றது என்பதையும் எழுதுங்கள். எத்தனை சண்டை வேண்டும்? சமமான இரண்டு பம்பரங்கள் 20 முறை மோதினால், குறிப்பிட்ட ஒன்று 12 அல்லது அதற்கு மேல் ஜெயிப்பது வெறும் தற்செயலாலேயே நான்கில் ஒரு முறை நடக்கும். 15 அல்லது அதற்கு மேல் ஜெயிப்பது நூற்றில் இரண்டு முறைதான் நடக்கும். ஆகவே 12–8 என்ற முடிவை வைத்துக்கொண்டு தெருவில் சண்டை போட வேண்டாம். 15–5 வந்தால் பேசலாம். சண்டைக்கு இரண்டு கை வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் இடத்தையும் விடும் ஆளையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

“டூப்ளிகேட்தான் ஜெயிக்கிறது, பிறகென்ன?” என்று கேட்பார்கள். ஜெயிக்கும், மறுக்கவில்லை. கனமான உலோகம் போட்டால் தள்ளும். ராட்செட் இறுகிப்போய்க் கழலவே முடியாதபடி வார்க்கப்பட்டிருந்தால் கழன்று தோற்கும் வழியே அடைபட்டுவிடும். அது திறமை அல்ல, பிழையான வார்ப்பு தந்த சலுகை. அதே பிழை அடுத்த பாக்கெட்டில் நேர்மாறாக, தொட்டாலே கழலும்படி வரலாம். எக்ஸ் வரிசையில் பிட்டைச் சுற்றிப் பல் இருக்கிறது; அது ஸ்டேடியத்தின் விளிம்பிலுள்ள பல்வரிசையைப் பற்றிக்கொண்டுதான் பாய்கிறது. அந்தப் பல் மழுங்கியோ இடைவெளி தவறியோ இருந்தால் பம்பரமும் கெடும், ஸ்டேடியத்தின் பல்லும் தேயும். “எல்லாம் ஒரே சீனத் தொழிற்சாலைதானே” என்பது இன்னொரு வாதம். தொழிற்சாலையை நாம் பார்க்கப்போவதில்லை. கையில் உள்ளதை நிறுக்கலாம், சுழற்றலாம். விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு சோதனையா என்பவர்களுக்கு: தராசும் நோட்டும் கொடுத்தால் இதைச் செய்யப்போவது பிள்ளைதான், பெரும்பாலும் ஆசையாக.

வாங்கும்போது ஸ்டேடியம், லாஞ்சர், பம்பரம் மூன்றையும் ஒரே நாளில் ஒரே கம்பெனியில் எடுக்க வேண்டியதில்லை. காசு குறைவாக இருந்தால் முத்திரையுள்ள ஒரு நல்ல ஸ்டேடியத்துக்கு முதலில் செலவழியுங்கள். எல்லாப் பம்பரமும் அதில்தான் ஓடப்போகிறது. பிறகு ஹாஸ்ப்ரோவில் தொடங்கி, தேவைப்படும் பிட்டையோ ராட்செட்டையோ மட்டும் ஜப்பானியப் பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பில்லைக் கேட்டு வாங்குங்கள். சில மாதம் விளையாடிய பின் அதே தராசில் பிட்டை மறுபடி நிறுத்து, ஒன்பது வீச்சின் நேரத்தையும் மீண்டும் எடுங்கள். முனை தேய்ந்து நேரம் குறைந்திருந்தால் பிட்டை மட்டும் மாற்றினால் போதும், புதுப் பம்பரம் தேவைப்படாது.