பதினோராவது உறுப்பினர்

நம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். புதிதாக ஒருவர் சேர வருகிறார். உடனே சேர்த்துக்கொள்வார்களா? மாட்டார்கள். கூடிப் பேசுவார்கள். "விதிப்படி நடப்பாரா? சந்தாவை ஒழுங்காகக் கட்டுவாரா?" என்று கேட்பார்கள். நாடுகள் சேர்ந்து நடத்தும் சங்கத்திலும் இப்படித்தான்.

ஆசியான்

இந்தியாவுக்குக் கிழக்கே இருப்பது தென்கிழக்கு ஆசியா. 1967-இல் அங்குள்ள ஐந்து நாடுகள் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. அவை இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து. கூட்டமைப்பின் பெயர் ஆசியான். அமைதியாக வாழ்வதும் வணிகத்தைப் பெருக்குவதும் அதன் நோக்கம்.

1984-இல் புரூணை சேர்ந்தது. 1995-இல் வியட்நாம். 1997-இல் லாவோசும் மியான்மரும். கம்போடியாவும் அதே ஆண்டு சேர இருந்தது. அங்கே ஆட்சிக்காகச் சண்டை மூண்டது. அதனால் 1999 வரை காத்திருந்தது.

நான்கு விதிகள்

1. அந்த நாடு தென்கிழக்கு ஆசியாவில் இருக்க வேண்டும்.
2. உறுப்பு நாடுகள் எல்லாம் அதைத் தனி நாடாக ஏற்க வேண்டும்.
3. ஆசியான் சாசனத்துக்கு அது கட்டுப்பட வேண்டும்.
4. கடமைகளைச் செய்யும் திறனும் மனமும் வேண்டும்.

எல்லா நாடுகளும் பேசி ஒத்த கருத்துக்கு வர வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் கதவு திறக்காது.

காத்திருந்த நாடு

கிழக்குத் திமோர் ஒரு சிறிய நாடு. 1975-இல் இந்தோனேசியப் படை அங்கே புகுந்தது. ஏராளமான மக்கள் மாண்டார்கள். 1999-இல் மக்கள் ஓட்டுப் போட்டு விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2002-இல் அது தனி நாடானது.

2011-இல் ஆசியானில் சேர மனுக் கொடுத்தது. "ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கூட்டங்கள் நடக்கும். அத்தனைக்கும் தேர்ந்த அலுவலர்கள் இவர்களிடம் உண்டா?" என்று தயக்கம் எழுந்தது. திமோர் தன் அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் 11-ஆவது உறுப்பினர் ஆனது. அன்று படை அனுப்பிய இந்தோனேசியாவும் அதை வரவேற்றது.

லாபமா, நட்டமா?

திமோரின் காப்பிக்கொட்டைக்குப் பெரிய சந்தை கிடைக்கலாம். ஆனால் பிற நாட்டுப் பொருள்களும் வரி குறைந்து உள்ளே வரும். உள்ளூர் உழவர் அவற்றோடு போட்டி போட வேண்டும். சேர்வது முதல் படிதான். பலனைப் பெற உழைக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

சாசனம்: அடிப்படை விதிகளை எழுதிய ஆவணம்
சந்தா: உறுப்பினர் கட்டும் தொகை

கலந்து பேசுங்கள்

1. எல்லோரும் சம்மதித்தால்தான் சேர்க்கலாம் என்ற விதி நல்லதா?
2. உங்கள் சங்கத்தில் புதியவரை எப்படிச் சேர்க்கிறீர்கள்?