ஒழுங்கின்மைக்கும் ஒரு கணக்கு

நுழையும்முன்

அலைபேசி சூடேறுவது ஏன்? வரிசை குலைந்து உருகிக் கிடக்கும் உலோகத்திலும் மின்சாரம் பாய்வது எப்படி? இவ்விரு வினாக்களுக்கும் விடை, அணுக்கள் அமைந்திருக்கும் முறையிலும் அவை அதிரும் முறையிலும் அடங்கியுள்ளது. அவ்விடையைத் தேடிய அறிஞர் வரிசையில் தமிழ் மண்ணில் பிறந்தோர்க்கும் சிறப்பான இடம் உண்டு.

காவிரித் தீவில் தொடங்கிய வாழ்வு

திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவாக விளங்குகிறது திருவரங்கம். அத்தீவின் ஒரு பகுதியாகிய திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சர் சி. வி. இராமன் பிறந்தார். அவர்தம் ஆய்வு வாழ்வில் இடையறாது ஒலித்த பொருள் ஒன்று உண்டு. அதுவே அதிர்வு.

அதிர்வுகளுள் இராமன் முதலில் ஆராய்ந்தது, காதால் கேட்கக்கூடியதையே ஆகும். சாதாரணத் தோற்கருவியைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ அவை இசைந்து ஒலிக்கின்றன. தோலின் நடுவே பூசப்படும் கரணை என்னும் கருஞ்சாந்தே அதற்குக் காரணம் என்பதை, சிவகாளி குமார் என்பவருடன் இணைந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் அவர் விளக்கினார். பொருளின் அளவும் அமைப்பும் அதன் அதிர்வை முடிவுசெய்கின்றன என்னும் உண்மை இதனால் புலப்படுகிறது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத மூலக்கூறுகளின் அதிர்வை அவர் ஒளியின் வழியாகக் கண்டார். ஒரு பொருளின்மீது விழும் ஒளி சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறின் அதிர்வுக்கு ஈந்துவிட்டு, நிறம் மாறி வெளிவருகிறது. அந்த நிறமாற்றத்தை அளந்தால் உள்ளிருக்கும் அதிர்வை அறியலாம். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் உறுதிப்பட்ட இவ்வுண்மையே 'இராமன் விளைவு' எனப் பெயர்பெற்று, 1930-இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது.

எலக்ட்ரானின் வழி

திருவரங்கம் கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் வரிசைக்கு நேராக நின்று நோக்கினால், பார்வை தடையின்றி நெடுந்தொலைவு செல்லும். தூண்கள் பலவாக இருந்தும் அவற்றின் ஒழுங்கு பார்வைக்கு வழிவிடுகிறது. அத்தூண்களே தாறுமாறாக நிறுத்தப்பட்டிருந்தால், சில அடிகளிலேயே பார்வை தடைபட்டுவிடும்.

படிகத்தினுள் எலக்ட்ரானின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. எலக்ட்ரான் துகளாக மட்டுமன்றி அலையாகவும் இயங்குகிறது. அணுக்கள் பிழையற்ற வரிசையில் அசையாது அமைந்தால், அவ்வலை சிதறாமல் செல்லும் என்பதை ஃபீலிக்ஸ் பிளாக் 1928-இல் காட்டினார். ஆகவே, மின்தடைக்குக் காரணம் அணுக்கள் இருப்பதன்று. அவற்றின் ஒழுங்கு குலைவதே ஆகும்.

ஒழுங்கு இரு வகைகளில் குலைகிறது. அணுக்கள் இடம்மாறி நிற்பதும் அயல் அணுக்கள் கலப்பதும் ஒருவகை. வெப்பத்தால் அணுக்கள் தம் இடத்திலேயே அதிர்வது மற்றொரு வகை. செம்புக் கம்பியின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயரும்போது, அதன் மின்தடை ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவது அதிர்வின் விளைவே. அதிரும் அணுக்களால் சிதறும் எலக்ட்ரான்கள் தம் ஆற்றலை அவற்றிற்கு அளிக்கின்றன, அதிர்வு மிகுகிறது. அதனையே நாம் வெப்பம் என உணர்கிறோம். அலைபேசி சூடேறுவதன் அடிப்படையும் இதுவே.

உருகிய உலோகம் எழுப்பிய வினா

செம்பை உருக்கினால் அதன் படிக ஒழுங்கு முற்றிலும் அழிந்துவிடுகிறது. எனின், மின்தடை பன்மடங்கு பெருகவேண்டும் அன்றோ? ஆனால், உருகும் நிலையில் அது ஏறத்தாழ இரு மடங்காகவே உயர்கிறது. இப்புதிருக்கு விடை காண முயன்றவர்களுள் ஒருவர் கே. எஸ். கிருஷ்ணன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு பிறந்த அவர், கொல்கத்தாவில் இராமனுடன் இணைந்து இராமன் விளைவைக் கண்டறிந்தவர்; பின்னர், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர். நீர்மங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறும் முறையை இராமனும் கே. ஆர். இராமநாதனும் 1923-இலேயே ஆராய்ந்திருந்தனர். நீர்மத்தில் தொலைவு வரை நீளும் வரிசை இல்லை. ஆயினும், ஒவ்வொரு மூலக்கூறும் தன் அண்டை மூலக்கூறுகளோடு ஏறத்தாழ ஒரே இடைவெளியைப் பேணுகிறது. எக்ஸ் கதிர்ச் சிதறல் அந்த அண்மை ஒழுங்கை வெளிப்படுத்துகிறது.

எக்ஸ் கதிரைச் சிதறச் செய்யும் அதே அமைப்புதானே எலக்ட்ரான் அலையையும் சிதறச் செய்யும்? இக்கருத்தின் அடிப்படையில் கிருஷ்ணனும் அலகாபாத்தில் அவருடன் பணியாற்றிய ஏ. பி. பாட்டியாவும் நீர்ம உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்து, 1945-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். ஒழுங்கின்மை என்பது கணக்கிற்கு அடங்காத குழப்பமன்று. அதனையும் அளக்கலாம், அளந்து விளைவைக் கூறலாம் என்பதே அவர்கள் ஆய்வின் சாரம். 1961-இல் ஜான் சைமன் இத்தகைய அணுகுமுறையை நீர்ம உலோகங்களின் பொதுக் கோட்பாடாக விரித்துரைத்தார்.

தடையே துணையாதல்

ஒழுங்கின்மை எல்லை கடந்தால் என்ன நிகழும்? சிதறிய அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, எலக்ட்ரானை ஓரிடத்திலேயே கட்டிப்போட்டுவிடும் என்று 1958-இல் பிலிப் ஆண்டர்சன் காட்டினார். அந்நிலையில் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது. கட்டுண்ட எலக்ட்ரானுக்கு வழிகாட்டுவது எது? உலோகத்தில் தடையாக நின்ற அதே அதிர்வுதான். அணுக்களின் அதிர்விலிருந்து ஆற்றலைப் பெற்று, எலக்ட்ரான் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவுகிறது. இத்தாவலின் விதியை நெவில் மாட் வகுத்தார். ஆகவேதான், வெப்பம் கூடும்போது உலோகத்தில் மின்தடை உயர்கிறது. இத்தகைய ஒழுங்கற்ற பொருள்களிலோ குறைகிறது. ஆண்டர்சனும் மாட்டும் வான் விளெக்குடன் 1977-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

தெரியுமா?

கணிப்பான்களில் காணப்படும் சிறு சூரிய மின்கலங்கள் பல, படிக ஒழுங்கற்ற சிலிக்கானால் ஆனவை. குறைந்த வெப்பநிலையில் கண்ணாடியின்மீது மெல்லிய படலமாகப் படியவைக்க இயலுவதே அதன் சிறப்பு.

நானோ உலகில்

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். அறை வெப்பநிலையில் செம்பினுள் எலக்ட்ரான் ஒருமுறை சிதறுவதற்கும் மறுமுறை சிதறுவதற்கும் இடையே கடக்கும் சராசரித் தொலைவு ஏறத்தாழ 40 நானோமீட்டர். இன்றைய சில்லுகளில் இதைவிடக் குறுகலான செம்புத் தடங்கள் உள்ளன. அங்கே எலக்ட்ரான்கள் தடத்தின் பக்கங்களிலும் படிகத் துணுக்குகளின் எல்லைகளிலும் ஓயாது மோதிச் சிதறுகின்றன. மின்தடையும் வெப்பமும் பெருகுகின்றன. கணினிகள் மேலும் சிறிதாவதற்கு முன்நிற்கும் பெருந்தடைகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய நுண்பொருள்களை ஆராய உலகெங்கும் ஆய்வகங்களில் கையாளப்படும் கருவிகளுள் ஒன்று இராமன் நிறமாலைமானி. கார்பன் நானோ குழாயின் விட்டம் சிறுக்கச் சிறுக்க, அக்குழாய் விரிந்து சுருங்கும் அதிர்வின் அதிர்வெண் உயர்கிறது. சிறிய தோற்கருவி உயர்ந்த ஒலி எழுப்புவதை இது நினைவூட்டுகிறது. ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் தாளாகிய கிராஃபீனில் பழுது இருந்தால், 'டி' எனப்படும் தனிவரி நிறமாலையில் தோன்றும். பழுதற்ற தாளின் உட்பகுதியில் அவ்வரி தோன்றுவதில்லை. அதன் வலிமையைக் கொண்டு ஒழுங்கின்மையின் அளவையும் மதிப்பிடுகின்றனர்.

பிழை என்று ஒதுக்கப்பட்டதையே பொருளாகக் கொண்டு ஆராய்ந்தமையால் கிடைத்த அறிவு இது. எளிய கருவிகளும் கூர்மையான வினாக்களும் கொண்டு இராமனும் கிருஷ்ணனும் தொடங்கிய வழியில், மின்சாரத்தை வீணாக்காத கருவிகளைப் படைக்கும் பணி இன்றைய தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. 'அதிர்வு தடையும் ஆகும். துணையும் ஆகும்' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
2. உம் ஊரில் உள்ள இசைக்கருவி ஒன்றின் அளவுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுக.
3. எலக்ட்ரான் தன் பயணத்தைத் தானே கூறுவதாகக் கற்பனை செய்து ஒரு பக்க அளவில் எழுதுக.