ஒரு பக்கம் முடியும்வரை எழாதே

அன்புள்ள மருமகனுக்கு,

முதல் சம்பளத்தில் டர்ன்டேபிள் வாங்கிய செய்தி அறிந்து மகிழ்ந்தேன். லெட் செப்பெலினின் ஆல்பங்களையெல்லாம் தட்டுகளாகச் சேர்க்கப் போவதாகவும், எந்தப் பதிப்பை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். அதற்குக் கட்டாயம் பதில் சொல்கிறேன். நீ கேட்காத ஒன்றை அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எதை வாங்குவது என்பது ஒரு நாளில் முடிந்துவிடும் காரியம். வாங்கியதை எப்படிக் கேட்பது என்பதுதான் காலம் முழுக்க உன்னோடு வரப்போவது.

ஊசியை வைத்தபின் அந்தப் பக்கம் முடியும்வரை எழுந்திருக்காதே. பாட்டைத் தாண்டாதே. போனை அடுத்த அறையில் வைத்துவிடு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுவதும் அதற்கான காரணம்.

இந்தப் பாட்டுகளைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே போனில் கேட்டு வந்திருக்கிறாய். பலவும் உனக்கு மனப்பாடம். ஆனால் நீ கேட்டவை தனித்தனிப் பாட்டுகள். அவர்கள் செய்தவை பக்கங்கள். பிரிட்டனில் சிங்கிள் விற்பனைக்கு வராமல் பார்த்துக்கொண்ட குழு அது. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ வானொலியில் அத்தனை புகழ் பெற்றபோதும் அதைத் தனித்தட்டாக விற்கவில்லை. அந்தப் பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தையும் வாங்க வேண்டும், வாங்கினால் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். வியாபாரத் தந்திரம் என்று அதை ஒதுக்கிவிடாதே. 1971 நவம்பரில் வெளியான அந்த நான்காவது ஆல்பத்தின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள். அந்தப் பிடிவாதத்துக்கு அங்கே பொருள் கிடைக்கும்.

முதலில் ‘பிளாக் டாக்’, அடுத்து ‘ராக் அண்ட் ரோல்’. இரண்டிலும் ஜான் போனமின் டிரம்ஸ் அறையை அதிர வைக்கும். மூன்றாவது ‘தி பேட்டில் ஆஃப் எவர்மோர்’. மாண்டலினும் கிதாரும் மட்டும்தான். ராபர்ட் பிளான்ட்டோடு சாண்டி டென்னி சேர்ந்து பாடுகிறார். டிரம்ஸ் அறவே கிடையாது. அதற்கு அடுத்ததாகத்தான் ‘ஸ்டேர்வே’ வருகிறது. அதிலும் தொடக்கத்தில் நான்கு நிமிடத்துக்கும் மேலாக டிரம்ஸ் கிடையாது. கணக்குப் போட்டுப் பார். கிட்டத்தட்ட பத்து நிமிடம் போனமைக் கேட்காமல் இருந்த காதில், அவர் கை மறுபடி விழுகிறது. தனிப் பாட்டாகக் கேட்டபோது அந்த இடத்தில் டிரம்ஸ் சேருகிறது என்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கும். வரிசையாகக் கேட்டால் அந்த அடிக்காக நீ ஏங்கியிருந்தது தெரியும். பாட்டு ஒன்றுதான். அதற்கு முன்னால் என்ன வந்தது என்பது அதன் பலத்தையே மாற்றிவிடுகிறது.

இப்படிப் பக்கம் பக்கமாகக் கட்டியதற்குத் தட்டின் உடலமைப்பும் காரணம். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. தாழ்ந்த சுருதியும் உரத்த ஒலியும் பள்ளத்தில் அதிக இடம் கேட்கும். நேரத்தைக் கூட்டினால் ஒலியைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம் என்பதே நல்ல அளவு. இன்னொரு விஷயமும் உண்டு. தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்கு அருகே வரும்போது அது சுமார் 21 செ.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைக் குறுகிய இடத்தில் எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் கரகரப்பு எளிதில் தலைகாட்டும். இவர்களோ ‘ஸ்டேர்வே’யின் உச்சத்தையும், இரண்டாம் பக்கத்தின் ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ பாட்டையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். எனவே ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை அளவுத் தகடு வைத்துச் சரியான கோணத்தில் பொருத்து. ஊசியின் எடையைச் சின்னத் தராசில் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வை. அளவுக்கு மீறிய எடை தட்டைத் தேய்க்கும். எடை போதாத ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் குதித்து அதைவிட மோசமாகக் கெடுக்கும்.

ஆல்பங்களை வெளியான வரிசையிலேயே கேள். முதல் ஆல்பம் 1968 செப்டம்பர், அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவானது. செலவைக் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் தன் கையிலிருந்து போட்டார். ஒப்பந்தம் செய்ய அப்போது எந்தக் கம்பெனியும் வந்திருக்கவில்லை. பேஜும் ஜான் பால் ஜோன்ஸும் லண்டன் ஸ்டூடியோக்களில் ஊறிய கலைஞர்கள். பிளான்ட்டுக்கும் போனமுக்கும் அப்போது இருபது வயது. ஏறக்குறைய உன் வயது. வீணடிக்க நேரமும் பணமும் இல்லாதவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்பதை அந்தத் தட்டில் கேட்கலாம்.

இரண்டாவது, சுற்றுப்பயணங்களுக்கு நடுவே லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் என்று ஊர் ஊராகப் பதிவானது. 1969 அக்டோபரில் வெளிவந்து, அமெரிக்கப் பட்டியலில் பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது. மூன்றாவதற்கு வரும்போது நிதானம் தேவை. வேல்ஸில் மின்சாரம் இல்லாத ஒரு பழைய வீட்டில் பேஜும் பிளான்ட்டும் தங்கி, அந்தப் பாட்டுகள் பலவற்றுக்கு வித்திட்டார்கள். 1970இல் அது வந்தபோது, இடிமுழக்கத்தை எதிர்பார்த்த பலர் ஏமாந்தார்கள். முதல் பக்கம் ‘இமிக்ரன்ட் சாங்’கோடு பாய்ந்து தொடங்கும். தட்டைத் திருப்பினால் வேறு உலகம். மரக் கிதார்களின் ராஜ்யம். எழுந்து போய்த் தட்டைத் திருப்பும் அந்தச் சில நொடிகள் இங்கே ஆல்பத்தின் ஓர் அங்கமாகவே இருக்கின்றன. போனில் கேட்டால் அந்த இடைவெளி கிடையாது. முதல் பக்கத்தில் ‘சின்ஸ் ஐ’வ் பீன் லவ்விங் யூ’ பாட்டில் டிரம்ஸ் பெடலின் கிறீச்சொலியைக் கவனித்துக் கேள். அழிக்காமல் விட்ட அந்த ஒலியில் வாசித்த மனிதரின் கால் தெரியும். அதே பக்கத்தில் உள்ள ‘ஃபிரெண்ட்ஸ்’ பாட்டையும், நான்காவது ஆல்பத்தின் ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ பாட்டையும் பேஜும் பிளான்ட்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்த இசைக்கலைஞர்களோடு மறுபடி பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு 2015இல்தான் ‘கோடா’ ஆல்பத்தின் விரிந்த பதிப்பில் முறையாக வெளிவந்தது.

1973இன் ‘ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி’யை மகிழ்ச்சியாகக் கேள். பிறகு 1975இன் ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’க்கு ஒரு முழு மாலையை ஒதுக்கு. புதிதாகப் பதிவு செய்த எட்டுப் பாட்டுகள் ஒரு தட்டுக்குள் அடங்கவில்லை. அவற்றை வெட்டிக் குறுக்காமல், முன்பே பதிவாகிக் கிடந்த ஏழு பாட்டுகளைச் சேர்த்து இரட்டைத் தட்டாக்கினார்கள். இரண்டாம் பக்கம் ‘காஷ்மீர்’ பாட்டோடு முடியும். நீ மிருதங்கம் படித்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். கிதாரின் சொற்கட்டு தகிட தகிட என்று மூன்று மூன்றாகச் சுற்றும். போனமின் கை தகதிமி தகதிமி என்று நான்கில் அசையாமல் நிற்கும். பன்னிரண்டில் இரண்டும் கைகோத்து, மறுபடி பிரியும். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேள். உன் குரு கற்றுக்கொடுத்த கணக்கு அங்கே வேலை செய்யும்.

1976இன் ‘பிரசன்ஸ்’, விபத்தில் அடிபட்ட பிளான்ட் தேறி வந்த நாட்களில் மியூனிக் நகரில் அவசரமாகப் பதிவானது. கீபோர்டு இல்லாத, கடுமையான ஆல்பம். 1979இன் ‘இன் த்ரூ தி அவுட் டோர்’ ஜோன்ஸின் கீபோர்டு ஓங்கிய ஆல்பம். 1980 செப்டம்பரில் போனம் 32 வயதில் இறந்தார். குடிதான் காரணம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நீயும் நினைவில் வை. வேறொருவரை அந்த இடத்தில் உட்கார வைக்க மற்ற மூவரும் விரும்பவில்லை. அந்த டிசம்பரிலேயே குழுவை முடித்துக்கொண்டார்கள். பத்து வருஷத் தட்டுகளை வரிசையாகக் கேட்டு வந்தவனுக்கு, அது ஏன் நியாயமான முடிவு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லேபிளில் பாட்டாசிரியர் பெயரையும் படி. இது முக்கியம். ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ 1927இன் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த பாட்டு. நான்காவது ஆல்பத்தில் மின்னியின் பெயர் உண்டு. ஆனால் இரண்டாவது ஆல்பத்தின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் வில்லி டிக்சனின் பெயர் முதலில் இல்லை. அவர் எழுதி, மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டிலிருந்து வரிகள் எடுக்கப்பட்டிருந்தன. டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். பின்னர் சமரசமாகி, பிந்தைய பதிப்புகளில் அவர் பெயர் சேர்ந்தது. முதல் ஆல்பத்தின் ‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ பாட்டிலும் ஜேக் ஹோம்ஸின் பெயர் வெகுகாலம் கழித்தே வந்தது. இதைத் தெரிந்துகொண்டதால் செப்பெலின் மீதான உன் அன்பு குறைய வேண்டியதில்லை. ஆனால் அந்த அன்பு டிக்சனையும் மின்னியையும் தேடிக் கேட்கும் அளவுக்கு விரிய வேண்டும். வெள்ளத்தைத் தங்கள் காலத்திலேயே பாடிய மின்னி, மெக்காய் குரல்களைக் கேட்டபின், ஹாம்ப்ஷயரின் ஹெட்லி கிரேஞ்ச் மாளிகைக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த இவர்களின் ‘வென் தி லெவீ பிரேக்ஸ்’ ஓசையை மறுபடி கேள். யார் எதைக் கொடுத்தார்கள், இவர்கள் எதைச் சேர்த்தார்கள் என்பது தெளிவாகும்.

இனி நீ கேட்ட கேள்வி. இரண்டாவது ஆல்பத்தின் முதல் அமெரிக்கப் பதிப்பை பாப் லட்விக் மிக உரத்த ஒலியில் வெட்டினார். மலிவான பிளேயர் ஒன்றில் ஊசி குதித்ததாகவும், அதன்பின் அடக்கமான ஒலியில் வேறு வெட்டு வந்ததாகவும் லட்விக்கே சொல்லியிருக்கிறார். தட்டின் உள்வட்டத்தில் ஆர்.எல். என்று பொறித்த அந்தப் பதிப்புக்கு இன்று பெரிய விலை. அதன் வேகம் உண்மையானதுதான். என்றாலும் நீ இப்போது அதைத் தேடி அலையாதே. பேஜ் மேற்பார்வையில் 2014, 2015 ஆண்டுகளில் வந்த 180 கிராம் பதிப்புகள் சுத்தமானவை, நம்பி வாங்கலாம். ஒரு பழைய தட்டின் விலையில் பல ஆல்பங்கள் கைக்கு வரும். இரண்டு வருஷம் கேட்டபின், எந்த ஆல்பம் உனக்கு உயிரானது என்று தெரிந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய பதிப்பைத் தேடு. அப்போது வித்தியாசத்தைக் கேட்கும் காது உனக்கு இருக்கும்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதே, நிமிர்த்தி வை. வெயில் படும் ஜன்னலோரம் ஆகாது. ஒவ்வொரு முறையும் ஊசியை வைக்குமுன் பிரஷ்ஷால் தூசியைத் துடை. விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடி. ஒரு பெட்டித் தட்டுகளை ஒரே வாரத்தில் வாங்கிக் குவிக்காதே. மாதம் ஒன்று போதும்.

முதலில் மூன்றாவது ஆல்பத்தை வாங்கு. வரிசையாகக் கேட்கச் சொன்னவர் ஏன் நடுவிலிருந்து தொடங்கச் சொல்கிறார் என்று நினைப்பாய். அந்த ஆல்பத்தில்தான் உனக்குத் தெரிந்த பாட்டுகள் குறைவு. ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்கப் பழக அதுவே ஏற்றது. இரண்டாம் பக்கத்தை ஒரு வாரம் தினமும் கேள். எந்தப் பாட்டு எந்தப் பாட்டால் உயர்கிறது என்று உனக்குப் பட்டதை எனக்கு எழுது. அதன்பின் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகப் போகலாம். நானும் இங்கே அதே பக்கத்தை அதே வாரம் கேட்டு, எனக்குப் பட்டதைப் பதிலில் எழுதுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நன்றாக இரு.

அன்புடன்,
மாமா