வரையாடும் கழுகுத் திருக்கையும்

குழந்தைகளே! மலையில் வாழும் ஓர் ஆட்டையும் கடலில் வாழும் ஒரு மீனையும் ஒப்பிடுக என்றால், "இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். பார்ப்போம்.

'வரை' என்றால் மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்களில் இதன் பெயர் 'வருடை'. இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் மலைகளைத் தவிர, உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

திருக்கை, தட்டையான உடல் கொண்ட மீன். அதில் ஒரு வகை கழுகுத் திருக்கை. கரிய முதுகில் வெண்புள்ளிகள் கொண்ட இனம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. பக்கத் துடுப்புகளை இறக்கைபோல் அசைத்து நீந்துவதால் இந்தப் பெயர்.

வேற்றுமைகள்

வரையாடு புல் மேயும். திருக்கை சிப்பி, நத்தைகளைத் தட்டையான பற்களால் நொறுக்கித் தின்னும். வரையாட்டுக்கு எலும்புக்கூடு, திருக்கைக்கு நம் காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்பு. ஆபத்து வந்தால் வரையாடு செங்குத்தான பாறையில் ஏறித் தப்பும். திருக்கைக்கு வாலின் அடியில் நச்சு முள் உண்டு.

ஒற்றுமை

மீன்களில் பல, இலட்சக்கணக்கில் முட்டையிடும். கழுகுத் திருக்கை அப்படியன்று. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, சில குட்டிகள் மட்டுமே பிறக்கும். வரையாடும் பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் ஈனும்.

இங்கேதான் கவலை. வேட்டையாலும் புல்வெளிகள் அழிந்ததாலும் வரையாடு குறைந்தது. வலையில் சிக்கித் திருக்கை குறைகிறது. மெதுவாகப் பெருகும் உயிர்கள் குறைந்துவிட்டால் மீள்வதற்கு நெடுங்காலம் ஆகும். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த வரையாடுகள் 1,303. ஒரு பெரிய பள்ளியின் மாணவர் தொகைகூட இதைவிட அதிகம்! கடலுக்குள் திருக்கைகளை இப்படித் தலை எண்ணவும் முடியாது.

பெற்றோர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மூணாறு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஏன் என்பதை இனி உங்கள் பிள்ளைகளே சொல்வார்கள்.

பயிற்சி

1. 'வரை' என்னும் சொல்லின் பொருள் என்ன?
2. திருக்கை மற்ற மீன்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. இவ்விரு உயிர்களும் குறைந்தால் விரைவில் பெருகாதது ஏன்? ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக.