பாய்ப்பலகையில் ஒரு திருப்பம்

பாய் கட்டிய பலகைமேல் நின்றபடியே கடலில் விரையும் விளையாட்டைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இப்பலகைக்குச் சுக்கான் கிடையாது. பாய்மரமோ எப்பக்கமும் சாயும். 1960களில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக் என்னும் விமானப் பொறியாளர் வகுத்த அமைப்பு இது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கென இப்போட்டி 1992இல்தான் வந்தது. ஆடவருக்கு எட்டாண்டு முன்பே வந்துவிட்டது!

இதில் 'கார்வ் ஜைப்' என்னும் திருப்பம் மிகக் கடினமானது. விரைந்து செல்கையிலேயே பின்காலைப் பட்டையிலிருந்து எடுத்து, காற்று போகும் பக்கத்து விளிம்பில் ஊன்றி, முழங்கால்களை மடக்க வேண்டும். பலகை வில்போல் வளைந்து திரும்பும். காற்று நேர் பின்னால் வரும்போது பாயை மறுபக்கம் புரட்ட வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து வேகத்தைக் குறைக்கிறார்கள், விழுகிறார்கள். காரணம், நாம் இயற்பியலில் படித்த சார்புத் திசைவேகமே. மணிக்கு 30 கி.மீ. வேகக் காற்றோடு அதே திசையில் 25 கி.மீ. வேகத்தில் சென்றால், பாய்க்குத் தெரிவது 5 கி.மீ. காற்றுதான். பாய் இலேசாகிவிடும். பலகையின் வேகம் 10 கி.மீ. ஆகிவிட்டாலோ, 20 கி.மீ. காற்று பாயைத் தாக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இழுப்பு நான்கு மடங்கன்று, பதினாறு மடங்கு!

பின்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது என் தாவணி படபடக்காமல் கிடப்பதும் இதே கணக்குத்தான். அம்மாதான் இன்னும் நம்பவில்லை.

பாய் இலேசாக இருக்கும் அந்த ஓரிரு விநாடிக்குள் அதைப் புரட்டி, மறுபக்கக் கைப்பிடியைப் பற்றி, கால்களையும் மாற்றி வைத்துவிட்டால், பலகை நிற்காமலே வந்த பக்கம் திரும்பி ஓடும்.