கடலோர வீட்டுப் பட்டறைக்குக் கம்ப்ரசர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி நிறுத்தும் இடத்தையே சின்னப் பட்டறையாக்கிக்கொண்டவர்கள் ஸ்பேனர் செட்டும் டிரில்லும் வாங்கி முடித்த பிறகு ஆசைப்படுவது ஏர் கம்ப்ரசருக்கு. கடையில் எத்தனை எச்.பி., எத்தனை லிட்டர் டேங்க் என்றுதான் பேச்சு தொடங்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டை மாதிரி கடலுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக வீடுகள் இருக்கும் இடத்தில் அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. உங்கள் கருவி எவ்வளவு காற்றைக் குடிக்கும்? அந்தக் காற்றோடு வரும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது?

1. ஸ்கூட்டருக்கும் காருக்கும் காற்றுப் பிடிக்க மட்டும் என்றால் கம்ப்ரசர் வாங்காதீர்கள். கார் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் டயர் இன்ஃப்ளேட்டர் போதும். கார் டயருக்கு வேண்டியது பெரும்பாலும் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. அதற்காக வாசலில் ஓர் இரும்பு டேங்கை நிறுத்திக் காவல் காக்க வேண்டியதில்லை.

2. வீட்டுக் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் 8 கிலோ அழுத்தம், அதாவது சுமார் 115 பி.எஸ்.ஐ. தரும். அழுத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வரும் என்ற சி.எஃப்.எம். கணக்குதான் முக்கியம். மரவேலைக்கான சின்ன ஆணி கன் 1 அல்லது 2 சி.எஃப்.எம்.மில் வேலை செய்துவிடும். அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்கு 4, 5 வேண்டும். பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் 5-இல் தொடங்கி 12 வரை கேட்கும். காற்றில் சுழலும் சாண்டர்தான் பெரிய தீனிக்காரன்; 8-க்குக் கீழே கொடுத்தால் முனகும். தேய்ப்பதற்கு மின்சார சாண்டரே வாங்கிக்கொள்ளுங்கள், கம்ப்ரசரின் அளவு பாதியாகக் குறைந்துவிடும்.

3. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் காற்றின் கணக்கு. குழாய் முனையில் நிஜமாக வருவது எஃப்.ஏ.டி. எனப்படும் அளவு, அது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருக்கும். பில் போடும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள். தோராயமாக ஒரு எச்.பி.க்கு 3 சி.எஃப்.எம். கிடைத்தால் நல்ல இயந்திரம். 2 எச்.பி.யில் 10 வரும் என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

4. பெரிய டேங்க் காற்றைச் சேர்த்து வைக்கும், உற்பத்தி செய்யாது. 45 லிட்டர் டேங்க் 8 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறங்கும்போது அதிலிருந்து கிடைப்பது சுமார் 90 லிட்டர் சாதாரணக் காற்று. 8 சி.எஃப்.எம். குடிக்கும் ஸ்ப்ரே கன்னுக்கு நிமிடத்துக்கு 225 லிட்டர் வேண்டும். மோட்டார் துணைக்கு வராவிட்டால் அரை நிமிடம்கூடத் தாங்காது. ஆணி அடிக்கவும் தூசி ஊதவும் 24 லிட்டர் தாராளம்.

5. இனித் தண்ணீர். புதுச்சேரிக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருப்பது சாதாரணம். 30 டிகிரி வெப்பத்தில் அப்படிப்பட்ட ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 கிலோவுக்கு அழுக்கி ஆறவிட்டால் 20 கிராம் தண்ணீராகப் பிரிந்துவிடும். 5 சி.எஃப்.எம். தரும் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டம்ளர் தண்ணீர் டேங்கின் அடியில் நிற்கிறது என்று அர்த்தம். இதை வடிக்காமல் விட்டால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். வேலை முடிந்ததும் அடியில் இருக்கும் டிரெய்ன் வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும். வாங்கும்போதே அந்த வால்வுக்குக் குனிந்து கையை விட்டுப் பாருங்கள். எட்டாத இடத்தில் இருந்தால் இரண்டாம் மாதமே வடிப்பதை விட்டுவிடுவீர்கள்.

6. பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு ஈரம் இரட்டைத் தொல்லை. கன்னிலிருந்து சொட்டு பறந்தால் பெட்ரோல் டேங்கின் மேல் கொப்புளம் கிளம்பும். வாட்டர் ஃபில்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டுவது வழக்கம், பயன் குறைவு. அங்கே காற்று சூடாக இருப்பதால் நீர் இன்னும் ஆவியாகவே கடந்து போகும். பதினைந்து, இருபது அடி குழாய் தாண்டிக் காற்று ஆறிய பிறகு ஃபில்டர் வரட்டும்.

7. ஆயில் ஊற்றும் வகையா, ஆயில் இல்லாததா? பெல்ட் போட்ட, வார்ப்பிரும்புப் பம்பு உள்ள ஆயில் கம்ப்ரசர் பல வருடம் உழைக்கும், சத்தமும் கொஞ்சம் அடக்கமானது. பஞ்சர் கடைகளில் ஓடுவது இந்த வகைதான். மோட்டாரோடு நேரடியாகப் பூட்டிய மலிவு வகைகள் தெருவையே எழுப்பிவிடும். ஆயில் இல்லாததில் 1400 சுற்றில் மெதுவாக ஓடுபவை அவ்வளவு இரைவதில்லை, பெயின்டில் எண்ணெய் கலக்கும் கவலையும் இல்லை. பிஸ்டன் ரிங்குதான் சீக்கிரம் தேயும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறவருக்கு 1 எச்.பி. ஆயில் இல்லாதது, வண்டிக்கு முழுதாகப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் 2 எச்.பி. பெல்ட் வகை. என் தேர்வு இப்படித்தான்.

8. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. பெரும்பாலான கம்ப்ரசர்கள் பக்கத்தில் நின்றால் இதைத் தாண்டும். காலுக்கு ரப்பர் பேட் வையுங்கள், பக்கத்து வீட்டின் பொதுச் சுவரில் ஒட்டி நிறுத்தாதீர்கள். மத்தியானத் தூக்க நேரத்தையும் விட்டுக்கொடுத்தால் சண்டை வராது. அது விதியில் இல்லை.

9. 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. வேண்டும். கத்திரி வெயில் இரவுகளில் தெரு முழுக்க ஏ.சி. ஓடி வோல்டேஜ் இறங்கியிருக்கும்போது ஓட்டினால் மோட்டார் முக்கிக்கொண்டே நிற்கும், கெப்பாசிட்டர் போகும்.

10. தூரத்தில் வேலை என்றால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டாதீர்கள், காற்றுக் குழாயை நீட்டுங்கள். காற்று தூரம் போகும். பாரிஸில் 1880 வாக்கில் பொதுக் கடிகாரங்களை ஓட்டுவதற்காகப் போட்ட அழுத்தக் காற்றுக் குழாய்கள் பிறகு பட்டறைகளுக்கும் நீண்டு, 1994 வரை அந்த நகரத்தின் அடியில் இயங்கின. வீட்டில் நிரந்தரமாக லைன் போட நினைத்தால் பி.வி.சி. பைப் மட்டும் கூடாது. அழுத்தத்தில் அது சில்லுசில்லாக உடைந்து பறக்கும். ஜி.ஐ. அல்லது ரப்பர் ஹோஸ் போடுங்கள்.

11. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ஸ்பேனர் வாங்கலாம், டிரில்கூட வாங்கலாம். பழைய டேங்க் வேண்டாம். உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அடிப்பகுதியில் வெல்டிங் ஒட்டுப் போட்டதைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

12. திறந்த போர்டிகோவில், உப்புக்காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் நிறுத்தினால் பிரஷர் சுவிட்சின் பாயின்டுகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். அலமாரிக்குள் அடைத்தாலும் சூட்டில் வீணாகும். அந்த சுவிட்ச் ஒவ்வொரு முறையும் பொறி விடும் என்பதால் தின்னர் வாடையும் பெட்ரோல் வாடையும் உள்ள இடத்தில் அது இருக்கவே கூடாது.

13. வேலை முடிந்து சட்டைத் தூசியைக் காற்றால் ஊதிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். விளையாட்டாக ஒருவர் உடலுக்குள் காற்றடித்து உயிர் போன செய்திகள் நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பிளக்கை உருவி, டேங்கைக் காலி செய்துவிட்டே உள்ளே போங்கள்.

14. எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு: 1960-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய எல்ஜி உட்பட நல்ல பெயர்கள் பல உண்டு. புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளுக்குச் சர்வீஸ் பார்க்கும் மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, எதற்கு வால்வு பிளேட்டும் ரிங்கும் உள்ளூரிலேயே கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆயில் வகைக்குப் பைக் என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள்; அது ஈரத்தோடு கலந்து மோர் போல ஆகிவிடும். கம்ப்ரசர் ஆயில் தனியாகக் கிடைக்கிறது. முதல் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை மாற்றுங்கள், அப்புறம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை. அன்றைக்கே சேஃப்டி வால்வின் வளையத்தையும் ஒருமுறை இழுத்து, புஸ்ஸென்று விட்டு மூடுகிறதா என்று பார்த்துவிடலாம்.